கொம்பனுக்கு நல்ல தண்ணீர்

1

இந்தக் கதை என் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதால் வந்தது. சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் இருப்பவன் எழுதும் கதையில் பொறுமை இருக்காது. வாசகர் அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மெக்கானிக் வீட்டு வாசலில் போய் நின்றேன். வீட்டின் முன்பக்கம்தான் அவர் கடை. தெருப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கல்யாணமா, கேதமா தெரியவில்லை. முகத்தை இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு ஆகாது அண்ணாச்சி," என்றார் மெக்கானிக். "தொட்டிக்குத் தண்ணி ஊத்துதோம்."

"என்ன தொட்டி?"

"வீட்டுக்காரி வளக்குற சீவனுக்கு."

எனக்கு உண்மையில் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் உண்டாக்கியது, ஆட்களின் பெயர் உட்பட.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது." அடித்துவிட்டேன். இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவன் நிலத்தை வெடிக்க வைக்காமல் உள்ளே வரக் கூடாது என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இரண்டாவது: "கடல் கடந்த ஒரு குளிர்ந்த ஏரியில் அதன் முன்னோர்கள்..." (அந்த ஏரிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் என் பால் திரிந்துவிடும்.)

மூன்றாவது இது. இதோடு போகலாம்:

மாரிச்செல்வி கோபித்துக்கொண்டு புதூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனபோது, கொம்பனை விட்டுவிட்டுத்தான் போனாள்.

3

கொம்பன் ஒரு ஆக்சலாட்டல். தண்ணீரிலேயே வாழும், பல்லி மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிறிய ரோஸ் நிறம், நான்கு குட்டிக் கால், எப்போதும் சிரிக்கிற மாதிரி ஒரு வாய். தலையின் இரண்டு பக்கமும் செந்நிறச் செவுள்கள் கிளை கிளையாக நீண்டிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.*

கல்யாணத்துக்கு முன் மாரிச்செல்வி சென்னையில் ஒரு வண்ணமீன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு வரும்போது கடைக்காரர் விரல் நீளக் குட்டியைக் கவரில் போட்டுக் கொடுத்தார். சீர்வரிசையில் அவளுக்கென்று வந்த ஒரே பொருள் அதுதான். மற்றதெல்லாம் புருஷன் வீட்டுக்கு வந்தது.

கொம்பன் வளர்ந்து ஒரு சாண் தாண்டியும் பழைய துணி ஊற வைக்கிற டப்பில்தான் கிடந்தது. திரும்பினால் வால் சுவரில் இடிக்கும். பெரிய தொட்டி வேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவள் புருஷன், அந்த மெக்கானிக் மந்திரமூர்த்தி, சொன்ன பதில், "பாப்போம்."

கடைசியில் உள் அறையில் ஒரு மூலையைத் தொட்டிக்காக அவளே ஒழித்து, கூட்டி, துடைத்து வைத்தாள். கோவிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் அங்கே ஒரு வாடிக்கையாளரின் ஃப்ரிட்ஜ் நின்றது.

(அந்த ஃப்ரிட்ஜ் என்னுடையது என்று எழுதிப் பார்த்தேன். கதை நன்றாக இறுகியது. ஆனால் எழுதுகிறவன் எல்லார் வீட்டுச் சண்டையிலும் தன் சாமானைக் கொண்டுபோய் வைப்பது அசிங்கம். எடுத்துவிட்டேன். அது வேறு யாருடையதோ.)

அவள் கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டாள்.

"இந்த வெயில்ல அதைப் பஸ்ல கொண்டு போக முடியாது. அதான் விட்டுட்டுப் போறேன். அதுக்கு ஒரு எடம் பண்ணிட்டுச் சொல்லுங்க, இருக்க வாரேன். இல்லைன்னா அதைத் தூக்கிட்டுப் போக ஆள் அனுப்புதேன்."

---
* அது ஆயுசு முழுக்கக் குஞ்சுக் கோலத்திலேயே இருக்கும். அறுந்த கால் திரும்ப முளைக்கும். இதை வைத்துத் தாம்பத்தியம் பற்றி நாலு வரி எழுதக் கை அரிக்கிறது. மாட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

4

மந்திரமூர்த்தி மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 'பாப்போம்' என்று சொல்லியே காலத்தை ஓட்டிய ஆள், பெண்டாட்டி போனதும் திடீரென்று எழுந்து வேலை செய்வாரா? முதல் பிரதியில் அவரைக் குடிக்க வைத்தேன். ஒட்டவில்லை. இரண்டாவதில் மாமனார் வீட்டுக்கு அனுப்பிச் சண்டை போட வைத்தேன். பஸ் ஏறும் வரைக்கும்கூட வரவில்லை மனுஷன், அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சரி, செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஃப்ரிட்ஜை வெளியே இழுத்துப் போட்டார். கனத்த கண்ணாடி வாங்கி வந்து, ஆள் நீளத்துக்குத் தொட்டி ஒட்டினார். கொம்பனுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். டப்பில் ஐஸ் பாட்டில் மிதக்க விடுவது தினமும் அவர் வேலை. அதனால் பழைய வாட்டர் கூலரைப் பிரித்து, அதன் குளிர்க்குழாயைத் தொட்டியோடு சேர்த்தார். குழாயைத் தொட்டுப் பார்த்தால் குளத்தூர்ப் பக்கம் மார்கழி விடியலில் உப்பளத்துக்கு நடக்கிற மாதிரி விறைத்தது. குளிர்ச்சி விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

தண்ணீர்தான் பாக்கி. அங்கேதான் அவர் தவறினார்.

மாரிச்செல்வி டப்பில் எப்போதும் ஊற்றியது வீட்டு போர்வெல் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஊரே அதை உப்புத் தண்ணி என்றுதான் சொல்லும். குடிக்கிற நல்ல தண்ணி குழாயில் நினைத்துக்கொண்டால் வரும். அதில் ஒரு சொட்டைக் கொம்பனுக்கு ஊற்ற முடியாது என்பதால்தான் அவள் உப்புத் தண்ணீரோடு சமாளித்தாள் என்று அவர் நினைத்திருந்தார். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு நல்ல தண்ணி கொடுக்காத வீடு இந்தப் பக்கம் ஒரு வீடா? இவள் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரே சீவனுக்கு இத்தனை நாளாக உப்புத் தண்ணி.

எதிர்வீட்டுப் பார்வதியம்மாளிடம் போய் நின்றார்.

"மதினி, குழா வரும்போது எனக்கு ரெண்டு குடம் சேத்துப் பிடிக்கணும்."

"எதுக்கு?"

சொன்னார். பார்வதியம்மாள் சிரிக்கவில்லை. "ரெண்டு குடம் எந்த மூலைக்கு? மாரிச்செல்வி வரணும்லா. அப்போ இது விசேஷ வீடுதான். நான் சொல்லுதேன் தெருவுல."

நல்லது கெட்டது நடக்கும் வீட்டுக்கு ஆளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி கொடுப்பது அந்தத் தெரு வழக்கம். திருப்பிக் கேட்க மாட்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்த குடங்கள் அவைதான். தண்ணீரில் மருந்து வாடை தூக்கலாக அடித்தது. அது எல்லாருக்கும் பழகிய வாடை. கிருமி சாகக் குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரின், நம்மைக் காக்கிற மருந்து அது.

தொட்டி நிறைந்ததும் மந்திரமூர்த்தி கொம்பனை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே விட்டார். டப்பின் பழைய தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றினார். பெண்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். "சிரிக்குதுட்டி அது," என்றாள் ஒருத்தி.

5

இங்கே நான் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

6

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது கொம்பன் தொட்டியில் முட்டி முட்டி நீந்தியது. புது இடம், விளையாடுகிறது என்று நினைத்தார். பிறகு அது மேலே வந்து காற்றைக் கவ்வியது. செவுள்கள் முன்பக்கமாகச் சுருண்டு, செந்நிறம் போய், ஊறிப்போன நூல் மாதிரி வெளுத்திருந்தன. சோற்றுக் கையோடு எழுந்து போன் போட்டார். அவள் போன நாளிலிருந்து அவரும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

"செல்வி, தொட்டி கட்டிட்டேன். பெரிசு. குளிர்ச்சியும் சரியா இருக்கு. ஆனா அது ஒரு மாதிரியா இருக்கு."

"என்ன தண்ணி ஊத்துனிய?"

"நல்ல தண்ணி. தெருவே கொண்டாந்து ஊத்துச்சி."

"குழாத் தண்ணியா? இன்னைக்கு வந்ததா?"

"ஆமா."

"அதுல மருந்து கெடக்குமே. செவுள் வெந்து போகுமே. ஏன் போர் தண்ணி ஊத்தலை? நான் எப்பமும் அதைத்தானே ஊத்துவேன்."

மந்திரமூர்த்தி சோற்றுக் கையை வேட்டியில் துடைத்தார்.

"உன் சீவனுக்கு உப்புத் தண்ணியா ஊத்துவேன்?"

(இந்த வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது. அந்த ஆளுக்கு இப்படி ஒரு வரி சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருக்கிறது.)

அவள் குரல் மாறியது.

"அதுக்குப் போர் தண்ணிதான் பிடிக்கும். வாளியில பிடிங்க. ஐஸ் பாட்டில் மிதக்க விடுங்க. கையால அழுத்திப் பிடிக்காதிய, ஏந்தி எடுங்க. ஜன்னலைச் சாத்துங்க. அதுக்கு இமை கெடையாது, வெளிச்சம் ஆகாது. நான் வாரேன்."

"பொழைக்குமா?"

"வாரேன்னு சொல்லுதேன்லா."

7

முடிவு.

ஒன்று எழுதினேன்: அவள் வருவதற்குள் கொம்பன் வாளியில் மல்லாந்துவிட்டது. அவள் வாசலிலேயே நின்று, தொட்டி நிறையத் தளும்பும் தெருவின் தண்ணீரைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி... எழுதி முடிக்கவில்லை. கிழித்துவிட்டேன். இத்தனை குடம் சுமந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இன்னொன்று: அவள் வந்து வாளியில் எட்டிப் பார்த்தாள், செவுள் சிவந்து அசைந்தது, இருவரும் சிரித்தார்கள். இதைப் பார்வதியம்மாளே நம்ப மாட்டாள்.

என்னைக் குடைவது வேறு. அவள் சொன்ன 'வாரேன்' எந்த வாரேன்? கொம்பனைத் தூக்கிக்கொண்டு போக வருகிறாளா, இருக்க வருகிறாளா? மந்திரமூர்த்திக்கும் தெரியவில்லை. போனில் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

எனவே இப்படி விடுகிறேன். புதூர் பஸ் நாகலாபுரம் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. உள் அறையில் பெரிய தொட்டி குளிர்ந்து நிற்கிறது. மருந்து ஆவியாகிப் போகும்வரை அதில் யாருமில்லை. பக்கத்தில் தரையில் ஒரு வாளி. வாளியில் உப்புத் தண்ணீர், அதற்குள் கொம்பன். அசைகிறதா என்று இருட்டில் தெரியவில்லை. மந்திரமூர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு விரலை மட்டும் தண்ணீரில் வைத்திருக்கிறார். அது உரசினால் தெரியும் என்று.

எனக்கு அங்கே இருக்கப் பொறுக்கவில்லை. நான் கிளம்புகிறேன். நீங்கள் வேண்டுமானால் இருங்கள். அவருக்கும் ஒரு துணை. பஸ் வந்து அவள் கதவைத் தட்டினால் நீங்களே போய்த் திறங்கள். போகும்போது எடுத்த பை அவள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவள் உள்ளே வந்த கையோடு கதவைச் சாத்திவிடுங்கள். உள்ளே வெளிச்சம் ஆகாது.