ஒச்சாயியின் நிஜ வயது

உசிலம்பட்டியிலிருந்து வேலை தேடித் திருப்பூர் வந்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. ஐம்பது தாண்டியவர்களைப் பனியன் கம்பெனியில் யாரும் எடுக்க மாட்டார்கள். கூசாமல் பத்து வயதைக் குறைத்துச் சொன்னேன். இங்கே பலருக்கு இப்படித்தான், கம்பெனி வயது ஒன்று, சொந்த வயது ஒன்று.

பத்து வருஷம் ஓடிவிட்டது. சர்க்கரை வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடை மெல்ல ஓட்டமாகிவிட்டது. எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு தினமும் விடிகாலையில் கல்லூரி மைதானத்தைப் பதினைந்து சுற்று சுற்றுவேன். பக்கத்து அறை ரோஸ்மேரிக்குப் பொறுக்கவில்லை.

"யக்கா, பேரன் எடுத்த வயசுல இதென்ன கூத்து?"

"பேரன் எடுத்தா காலை வெட்டிப் போட்டுறணுமாடி?" என்றேன்.

2006இல் அதே மைதானத்தில் மூத்தோர் தடகளப் போட்டி நடத்தினார்கள். ஐயாயிரம் மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று. அறுபது வயதுப் பிரிவில் ஒரே ஒரு பெண்தான் பெயர் கொடுத்திருந்தாள். அதில் ஓடினால் பதக்கம் நிச்சயம். ஆனால் எங்கள் கம்பெனியில் ஐம்பத்தெட்டு முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போட்டிக்கு டீ-சர்ட் கொடுத்ததும் எங்கள் கம்பெனிதான். மேனேஜர் அருண்குமார் மேடையிலேயே இருப்பார். வேலை போனால் நான் எங்கே போவேன்? கம்பெனி அட்டையைக் காட்டி ஐம்பது வயதுப் பிரிவில் சேர்ந்தேன்.

மூன்றாவது சுற்றிலேயே எல்லோரும் என்னை முந்திவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தைத்த பனியனில் குறை தேடும் செக்கிங் டேபிளில் பன்னிரண்டு மணி நேரம் நின்று பழகிய கால்கள் இவை. ஒவ்வொருத்தியாகப் பிடித்தேன். இரண்டாவதாக வந்தேன்.

"ஒச்சாயி, வயது ஐம்பத்தொன்று" என்று மைக்கில் அறிவித்தார்கள். சுருக்கென்றது. அத்தனை சுற்றும் ஓடியது நான், பெயர் வாங்குவது அந்த ஐம்பத்தொரு வயதுப் பொய்க்காரியா? மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

"அறுபத்தொண்ணு. சரியாச் சொல்லுங்க."

கூட்டம் கைதட்டியது. பதக்கத்தோடு நின்ற அருண்குமாருக்கு முகம் மாறிவிட்டது. முப்பத்தைந்து வயதுக்காரர், மூன்று படி ஏறியதற்கே மூச்சு வாங்கியவர்.

"ஏனுங்க ஒச்சாயிம்மா, இப்படிச் சொல்லிப்போட்டீங்களே. இனி உங்கள வேலைக்கு வெச்சுக்க முடியாதுங்களே" என்றார் தணிந்த குரலில்.

பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கழுத்தை நீட்டினேன்.

"மொதல்ல பதக்கத்தப் போடுங்க சார். திங்கக்கெழம எட்டரைக்கு டேபிள்ல நிப்பேன். வயசாச்சுன்னு என்னைய அனுப்பணும்னா, இந்தா கெடக்கு மைதானம். எங்கூடப் பன்னெண்டரைச் சுத்து ஓடிட்டு அனுப்புங்க."