விரிசலுக்குள் இருந்த பெயிண்ட்

என் வீட்டுக்காரர் பெயிண்டர். ஊரில் பாதிச் சுவர் அவர் கைபட்டது. ஆனால் எங்கள் வீட்டுக்கென்று காசு கொடுத்து ஒரு டப்பா பெயிண்ட் வாங்கியதே இல்லை. வேலை முடிகிற இடத்தில் அடியில் மிஞ்சுவதை எடுத்து வருவார். எல்லாப் பெயிண்டரும் செய்வதுதான். அதனால் எங்கள் ஹால் ஒரு வக்கீல் வீட்டு நீலம், சமையலறை ஒரு பள்ளிக்கூடத்து மஞ்சள். "வீடு கலர் கார்டு மாதிரி இருக்குங்க" என்று நான் கிண்டல் செய்தால் சிரிப்பார்.

புயலோடு வந்த வெள்ளம் மூன்று நாள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், பின்னறைச் சுவரில் தரையிலிருந்து ஜன்னல் வரை விரிசல். விரல் நுழையும் அகலம். அடியில் மண் இறங்கிவிட்டது, இடித்துத்தான் கட்ட வேண்டும், அதுவரை யாரும் அங்கே படுக்காதீர்கள் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அறையில் இருந்தவர் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவர் போனபின் மகன் வீட்டில் இருந்தவர், மருமகள் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குப் பார்த்ததில் நொந்துபோய் எங்களிடம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்கும் அவருக்கும் சண்டை வராத வாரம் கிடையாது, ஆனால் அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அவர் கட்டிலை ஹாலுக்கு மாற்றினோம். அங்கேதான் என் இரண்டு பையன்களும் தூங்குகிறார்கள். கட்டில் போட்டபின் ஒருவன் சமையலறையில் படுத்தான். பின்னறையை ஒட்டிய கழிவறையும் பயன்படாமல் போய்விட்டதால், அண்ணி மூட்டுவலிக் காலோடு பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தார். ஒவ்வொரு முறையும் கூனிக்குறுகித்தான் போவார்.

வீட்டுக்கடன் கொடுத்த பேங்க் கட்டாயப்படுத்தி எடுக்க வைத்த இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது. சேதத்தை மதிப்பிட ஒரு சர்வேயர் வருவார் என்றார்கள். மூன்று வாரம் ஆளையே காணோம். நான்காவது வாரம், நாளை மறுநாள் வருகிறார் என்று தகவல் வந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆபீசர் வர்றாரு. பெயிண்டர் வீட்டுச் சுவரே இந்த லட்சணத்துல இருந்தா, மனுஷன் என்னங்க நினைப்பாரு?"

"இருக்கறபடியே விடும்மா, அவங்க பாக்கத்தானே வர்றாங்க" என்றார் அண்ணி, கட்டிலில் இருந்தபடி.

"பாவப்பட்ட வீடுன்னு ஏதோ கொஞ்சம் போட்டுட்டுப் போயிடுவாங்க அண்ணி. சுத்தமா இருந்தாத்தான் மரியாதை."

வீட்டுக்காரர் மறுநாள் முழுக்க வேலை செய்தார். சேற்றுக்கறையைத் தேய்த்துக் கழுவினார். பரணில் இருந்ததால் தப்பிய ஒரு டப்பாவை இறக்கினார். ஒரு டாக்டர் வீட்டில் மிஞ்சிய க்ரீம் கலர். விரிசலை மட்டும் பட்டி வைத்து மூடவில்லை, அது தெரிய வேண்டும் அல்லவா! ஆனால் முப்பது வருஷத்துக் கைப்பழக்கம். ஓரம் விட்டுப்போகக் கூடாது என்று பிரஷ்ஷை விரிசலுக்குள்ளும் விட்டு நனைத்திருக்கிறார். அவருக்கே தெரியாமல் செய்தது.

சர்வேயர் வந்தார். விரிசலுக்குள் டார்ச் அடித்துப் போட்டோ எடுத்தார். "வீட்டை நீட்டா வெச்சிருக்கீங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடிதம் வந்தது. கட்டில், மெத்தை, பீரோவுக்கு ஏதோ ஒரு தொகை. சுவருக்கு ஒன்றுமில்லை, விரிசல் பழையதாம். கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இருவரும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்த பெண் போட்டோவை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"விரிசலுக்குள்ள பெயிண்ட் இருக்கு பாருங்க. பெயிண்ட் அடிக்கறப்பவே விரிசல் இருந்திருக்கு."

"இருந்துச்சும்மா! வெள்ளம் வடிஞ்சப்புறம்தானே அடிச்சோம்!"

"அப்ப பெயிண்ட் வாங்கின பில்லைக் கொடுங்க. தேதி இருந்தாப் போதும்."

என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "மிச்ச பெயிண்ட் மேடம். ஒரு டாக்டர் வீட்டு வேலையில மிஞ்சினது. புயலுக்கு நாலு நாள் முன்னாடிதான் அந்த வேலையே முடிஞ்சுது."

"அதை அவரையே எழுதித் தரச் சொல்லுங்க. அப்பீலோட சேர்த்து அனுப்பறேன்." நல்ல பெண்தான். அவளைத் திட்டவும் வழியில்லை.

அன்றைக்கே டாக்டர் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டார்.

"மிச்சத்தை எடுத்துட்டுப் போன்னு நான் சொன்னேனா?"

"வழக்கமா எடுத்துக்கறதுதான் சார்..."

"யார் வழக்கம்? என் வீட்டுப் பெயிண்ட் உன் வீட்டுக்குப் போச்சுன்னு நானே எழுதித் தரணுமா? நாளைக்கு அவங்க என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. ஆளை விடுப்பா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்படிப் பிடித்தும், அவருக்கென்று பேசி வைத்திருந்த அந்த வீட்டு மதில் வேலை மறுவாரம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. மிச்சத்தைச் சுருட்டுகிறவன் என்ற பேர் வேறு. முப்பது வருஷத்தில் ஒருத்தரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. இரண்டு நாள் அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை.

டாக்டர் கடிதம் இல்லாமலே, தெருக்காரர்களின் கையெழுத்தோடு அப்பீல் போட்டோம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை. மேலே முறையிட இன்னொரு இடம் இருக்கிறது, ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றாள் அந்தப் பெண். அடுத்த மழைக்கு நாலு மாதம்தான் இருந்தது. இடித்துக் கட்டக் கையில் காசு இல்லை.

என் வாயால் கெட்டது. அதை அண்ணி ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பதில் வந்த அன்று அவரே மகனுக்கு ஃபோன் செய்தார். "ரூம் கட்டற வரைக்கும்தான்டா" என்று சொன்னது சமையலறைக்குக் கேட்டது. போய்த் தடுத்திருக்கலாம். பெரியவன் அங்கே ஈரத்தரையில் படுத்து இருமிக்கொண்டிருந்தான். நான் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் ஒரு சின்ன வேனோடு வந்தான். வீட்டுக்காரரும் பையன்களும் கட்டிலைக் கழற்றி ஏற்றினார்கள். அண்ணி முன்சீட்டில் ஏறி, மடியில் பையை வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தப்போன மகன் நின்றான். அவன் பெண்டாட்டி கேட்டுவரச் சொல்லியிருப்பாள்.

"எத்தனை நாளைக்கு மாமா?"

அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டான். என் வீட்டுக்காரர் வேன் டயரைப் பார்த்தபடி நின்றார்.

"ரெண்டு மாசம்டா" என்றார் அண்ணி. "சுவர் எழுப்ப அவ்வளவு நாள் போதும். இல்லம்மா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.