கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறுநீரகம்

குழாயின் முனையில் இன்னும் ஒரு சொட்டுகூட விழவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரத்துணி போர்த்திக் கிடந்தது அந்தச் சிறுநீரகம். பம்ப் இதமான சூட்டில் ரத்தத்தை உள்ளே தள்ளியது. வெளியே வந்த ரத்தம் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போனது. ஆராய்ச்சி டாக்டர் பெட்டியின்மேல் குனிந்து, தன் மூச்சு கண்ணாடியில் படியப் படியத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

காலையில், தானமாக வந்த அதைப் பெரிய சர்ஜன் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தியிருந்தார். திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது.

"தேறாது. குப்பைக்குப் போகட்டும்."

"குப்பைக்குப் போறதை எனக்குக் குடுங்க சார். சூடாக்கி ரத்தம் ஓட்டிப் பார்க்கறேன். சிறுநீர் பிரிச்சுக் காட்டினா உயிர் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"ஆட்டுக் கிட்னியில விளையாடின மாதிரி இல்லம்மா இது." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மதியம் வரைக்கும் பாருங்க. வரலேன்னா அந்த வெல்டரை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி வெல்டரின் கை முழுக்க முண்டும் முடிச்சுமாக இருந்தது. வேலை எப்போதோ போய்விட்டது. தோற்றாலும் தோற்கலாம் என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகும், "பரவாயில்ல, பாருங்க" என்றவன். இப்போது ஆபரேஷன் உடை போட்டுக்கொண்டு வார்டில் காத்திருந்தான். அவன் மனைவி ஆய்வுக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கலர் வந்திருக்கு. ஓட்டமும் நல்லா இருக்கு. அப்புறம் ஏண்ணே வரல?" என்றாள் டாக்டர்.

பம்ப்பைக் கவனிக்கும் டெக்னீஷியனை எல்லோரும் மோட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரோடு சேர்ந்து பழைய உதிரிகளை வைத்து இந்த மெஷினைக் கட்டியவர்.

"அதான் எனக்கும் புரியல டாக்டரம்மா. இவ்வளவு குடிச்சவன் எங்கயாவது ஒதுங்கித்தானே ஆகணும்!"

"ஒதுங்க விடலேன்னா?"

சொன்ன வேகத்தில் கையுறையை மாட்டினாள். துணியை விலக்கி, கொழுப்புக்கு அடியில் விரலை விட்டாள். சிறுநீர் இறங்கும் குழாய், ஊதிய பலூன் மாதிரி விண்ணென்று இருந்தது. ரப்பர் குழாய் செருகிய நுனிக்குச் சற்று மேலே, கொழுப்பில் புதைந்து, மெல்லிய நீல நூல்.

"அடப்பாவமே! கட்டியிருக்காங்கண்ணே!"

மோட்டார் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை வருஷமும் கறிக்கடையிலிருந்து வந்த ஆட்டுச் சிறுநீரகங்கள். கத்தி வெட்டிய குழாய் திறந்தபடியே வரும். முனையில் ரப்பர் குழாயைச் செருகினால் முடிந்தது. அதே பழக்கத்தில் இதற்கும் செருகிவிட்டார்கள். மனிதச் சிறுநீரகத்தை எடுத்து அனுப்பியவர்கள் குழாயை நூலால் கட்டி அனுப்பியிருப்பார்கள் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

கதவு திறந்தது. சர்ஜன். "நேரம் ஆச்சும்மா."

"ஒரு நிமிஷம் சார்!"

ரப்பர் குழாயை உருவினாள். கத்தரிக்கோல் நூலைத் தொட்டது. அவ்வளவுதான். பீய்ச்சி அடித்ததில் பாதி அவள் அங்கியில்; மீதி மோட்டாரின் மூக்குக் கண்ணாடியில்.

"எனக்குத்தான் முதல் மரியாதை!" என்று மோட்டார் கத்தினார். கண்ணாடியைத் துடைக்கவே இல்லை.

ரப்பர் குழாயை மறுபடி செருகினாள். சொட்டு விழுந்தது. அடுத்தது. பிறகு எண்ண முடியாத வேகத்தில். சர்ஜன் சிறுநீரகத்தைக் கட்டைவிரலால் மறுபடி அழுத்தினார். ஆய்வு முடிவுகளை வரவழைத்துப் பார்த்தார். பிறகு, "தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க."

வாசலில் நின்ற வெல்டரின் மனைவி ஓடி வந்தாள். "என்ன ஆச்சு டாக்டரம்மா?"

"ஒண்ணுக்குப் போயிடுச்சும்மா!"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. டாக்டர் நனைந்த அங்கியோடு நிமிர்ந்து நின்றாள். குப்பைக்குப் போக வேண்டியது அது. அவள் மெஷின் மீட்டுக் கொடுத்தது.

சாயங்காலம் ஆபரேஷன் முடிந்ததும் ஆய்வுக்கூடம் கேமராக்களால் நிரம்பியது. சர்ஜன் சலவை அங்கியில் மெஷினின்மேல் கை வைத்து நின்றார்.

"இந்தச் சிறுநீரகத்தை விட்டுடக் கூடாதுன்னு நான் முதல்லயே முடிவு பண்ணினேன்..."

"மெஷின் ஓடினா நல்லா இருக்கும் சார்" என்றான் ஒரு போட்டோக்காரன். டாக்டரைப் பார்த்து, "மேடம், நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க. டிரெஸ்ல கறை தெரியுது."

சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு எரிந்து அணைந்தது. ஒயர் இணைப்பு தளர்ந்திருந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்த மோட்டாரை அவள்தான் சாப்பிட அனுப்பியிருந்தாள். மேஜைக்கு அடியில் போய்க் குந்தி, இணைப்பை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்தாள். மெஷின் ஓடியது.

கூட்டத்துக்குள் கால்களை விலக்கிக்கொண்டு யாரோ தேடினார்கள். வெல்டரின் மனைவி. குனிந்து பார்த்தவள், தானும் மேஜைக்கடியில் வந்து உட்கார்ந்தாள்.

"பை நிறைய வந்திருக்கு டாக்டரம்மா! நர்சு காட்டினாங்க. என்ன, இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

"மேல லைட் எரியணுமாம்" என்று அவள் சிரித்தாள். "நிறம் எப்படி? தெளிவா இருக்கா?"

"தண்ணி மாதிரி!"

தலைக்குமேல் கைதட்டினார்கள். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் மேஜையின் கீழே, ஒயரைப் பிடித்திருந்த இரண்டு விரல்கள் தெரிந்து மறைந்தன.