கங்கைத் துறையில் நின்ற லொறி

துறைக்கு இறங்கும் சரிவில் லொறி மறுபடியும் நின்றுபோயிற்று. றொபேட் பிரேக்கை இறுக்கி மிதித்தபடி திறப்பைத் திருகினான். உள்ளே ஏதோ ஒருமுறை முனகிவிட்டு அடங்கிவிட்டது.

மக்டலின் திரும்பி, முதுகுப்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை. இரண்டு பக்கமும் உமி மூட்டை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மேலே விரித்த வெள்ளைத் துணியின் ஒரு மூலை காற்றில் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

"மச்சாள், நீங்கள் இறங்கி நிழல்ல நில்லுங்கோ," என்றான் றொபேட். அவன் கழுத்தெல்லாம் வியர்வை. அவள் புருஷன் பேணாட்டின் தம்பி, துறைமுகக் கந்தோரில் எழுத்து வேலை. கந்தோர் ஜீப்பைத் தவிர வேறு வாகனம் ஓட்டிப் பழக்கமில்லாதவன். "அண்ணை இதை எப்பிடித்தான் ஓட்டினாரோ தெரியேல்ல. எக்ஸிலேட்டரில இருந்து காலை எடுத்த உடன நிண்டிடுது."

"அவர் காலை எடுக்கிறேல்ல," என்றாள் மக்டலின்.

சொன்ன பிறகுதான் அது தனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தாள். இந்த லொறியில் இன்றுதான் முதல்முறையாக ஏறியிருக்கிறாள். பேணாட் கிழமையில் பாதி நாள் இந்தப் பக்கம்தான். கட்டைபறிச்சானில் தேங்காயும் நெல்லும் ஏற்றி, இரண்டு துறை கடந்து திருகோணமலைக்குக் கொண்டுவருவான். "என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்று கல்யாணம் முடித்த புதிதில் கேட்டிருக்கிறாள். "றோட்டு சரியில்லை, இடுப்பு முறிஞ்சுபோகும்" என்பான். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

சந்தைக்குப் போகிற வழியில் அன்புவழிபுரத்தில் அவர்களுடைய ஒழுங்கை முகப்பில் லொறியைக் கொண்டுவந்து நிறுத்துவான். இறங்க மாட்டான். இஞ்சினை உறுமவைத்தபடி இருப்பான். அவள் குசினியிலிருந்து தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், மிதிபலகையில் ஏறி நின்று நீட்டுவாள்.

"இறங்கி ரெண்டு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

"நிண்டா திரும்ப எடுக்கேலாது மகி."

அவன் குடித்து முடிக்கும்வரை அவள் மிதிபலகையிலேயே நிற்பாள். லொறி போன பிறகு வெறும் கோப்பையோடு திரும்பி நடக்கும்போது, நிற்க முடியாதது இஞ்சினா இல்லை இவரா என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பக்கம் அவனுக்கு இன்னொரு வீடு இருக்கிறதோ என்றுகூட ஒரு காலத்தில் எண்ணியதுண்டு.

நேற்று மத்தியானம் மூதூர் லாஞ்சில் வந்த மீன்காரர் ஒருவர்தான் செய்தி கொண்டுவந்தார். மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான் என்று. மகள் இன்பமலரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, றொபேட்டையும் கூட்டிக்கொண்டு அடுத்த லாஞ்சில் ஏறினாள். கட்டைபறிச்சானில் குணேஸ்வரி என்ற தோட்டக்காரியின் வீட்டு விறாந்தையில் பாயில் படுத்திருந்தான். குணேஸ்வரிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மக்டலினின் கையைப் பிடித்து, "உங்களைக் கூட்டிக்கொண்டு வாரும் எண்டு எத்தினை தரம் சொன்னனான். இப்பிடியே வரவேணும்?" என்றாள்.

பேணாட்டுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. பேச்சு வரவில்லை. மூதூர் ஆஸ்பத்திரி டொக்டர் வந்து பார்த்து, இனி அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவனுடைய வலது கால் மட்டும் இடைவிடாமல் அசைந்துகொண்டிருந்தது. பாதத்தால் எதையோ அழுத்துவதும் மெல்ல விடுவதுமாக. விறைக்கிறதாக்கும் என்று அவள் எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க அவள் உள்ளங்கையையே அந்தக் கால் அழுத்தியது. விடியும் நேரத்தில் அழுத்துவது நின்றது.

மிதவையிலிருந்து ஒருவர் சரிவில் ஏறி வந்தார். கங்கையைக் கடக்க வைத்திருக்கும் அந்த அகன்ற மிதவையை ஊரார் 'பாதை' என்பார்கள்; இவர்தான் பாதைக்காரர் ஸஹாப்தீன். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு றொபேட்டிடம் வந்தார்.

"இப்பிடி நிண்டு நிண்டு வாற வண்டிய ஏத்த ஏலாது தம்பி. பலகையில ஏறக்குள்ள நிண்டா பின்னுக்கு உருண்டு தண்ணிக்க போயிரும். மையத்தும் உள்ள இரிக்கி."

"பின்னேரம் அடக்கம். கோயில்ல சொல்லியாச்சு. அங்க பிள்ளை இன்னும் தகப்பன்ர முகத்தைப் பாக்கேல்ல."

"நான் என்ன வேணுமெண்டா சொல்லுறன்?"

றொபேட் யோசித்தான். "அப்ப பெட்டியை மட்டும் இறக்கிப் பாதையில வைப்பம். அக்கரையில வேற லொறி ஒண்டு பிடிக்கலாம். மச்சாள், அதுதான் சரி."

"இல்லை," என்றாள் மக்டலின். "அவர் இதிலதான் வீட்ட வருவார்."

அவள் குரலை உயர்த்தவில்லை.  ஸஹாப்தீன் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"பேணாட்ட பொஞ்சாதிதானே நீங்க? மக்டலின்?"

"ஓம்."

"நினைச்சன். இந்தப் பாதையில நிக்கக்குள்ள எல்லாம் உங்கட கதைதான். புள்ளைட கதை, நீங்க ஆக்கிற கூனிச் சுண்டல்ட கதை. கேட்டுக் கேட்டு எங்களுக்கே வாயூறிப் போயிரும்." அவர் கங்கையைப் பார்த்தபடி சொன்னார். "வண்டி திருத்துற லாபிருக்கு ஆள் அனுப்பியிரிக்கன். கிண்ணியாவில இருந்து வந்துகொண்டிரிப்பான். கொஞ்சம் பொறுங்க."

லாபிர் சைக்கிளோடு பாதையில் இக்கரைக்கு வந்து இறங்கும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. பேணாட்டைவிட வயதில் மூத்தவர், மெக்கானிக். சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேரே லொறியின் பின்பக்கம் போனார். பலகையில் கை வைத்தபடி உள்ளே பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சைக்கிள் கரியரிலிருந்து சாக்குப் பையை அவிழ்த்துக்கொண்டு முன்பக்கம் வந்து, சில்லுக்கு அடியில் கல் வைத்துவிட்டு இஞ்சின் மூடியைத் தூக்கினார்.

"ஓடக்குள்ள சரியா, தம்பி?"

"வேகமா ஓடினா ஒண்டுமில்லை, லாபிர் நானா. காலை எடுத்தா நடுங்கி நடுங்கி நிண்டிடுது."

"ம். பழைய வருத்தம்தான்."

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துத் துடைத்துப் பூட்டினார். காபரேற்றரிலிருந்து சின்னதொரு பித்தளைத் துண்டைக் கழற்றி வாயில் வைத்து ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்த்தார். எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. "உள்ள ஒராள் இரிக்கோணும். தம்பி, நீங்க முன்னுக்கு நிண்டு இரும்புத் தண்டைப் போட்டு இஞ்சினைச் சுத்துங்க. பெட்டரி செத்துப் போச்சு. தங்கச்சி, நீங்க சீற்றுல ஏறுங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது நானா."

"ஓட்ட வேணாம். வலது காலால மிதிச்சுக்கொண்டு இருங்க. நான் சொல்லக்குள்ள மெதுவா விடுங்க."

மக்டலின் ஏறி உட்கார்ந்தாள். சீற்றில் பேணாட் உட்கார்ந்த பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தாள். மிதியின் ரப்பர் ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து, இரும்பு வழுவழுவென்று தெரிந்தது. றொபேட் சுழற்றினான். இஞ்சின் பிடித்தது. மிதி அவள் பாதத்தை மேலே தள்ளிற்று. அழுத்தினால் இஞ்சின் உறுமியது. கொஞ்சம் விட்டால் தணிந்தது. அழுத்தி, விட்டு, அழுத்தி.

இரவு முழுக்க அவள் உள்ளங்கையில் இருந்த அசைவு அது.

"விடுங்க தங்கச்சி."

அவள் விடவில்லை.

"தங்கச்சி, விடுங்க."

காலை எடுத்தாள். லொறி உடம்பெல்லாம் நடுங்கி, இரண்டுமுறை விக்கி, நின்றது.

லாபிர் ஏதோ ஒரு திருகாணியைக் கொஞ்சம் உள்ளே முறுக்கினார். மறுபடி சுழற்றினார்கள். மறுபடி நின்றது. அடுத்தமுறை, "அந்தச் சோக்கை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு காலை எடுங்க" என்றார். கருப்புக் குமிழை அவள் இழுத்துப் பிடித்தாள். இந்தமுறை லொறி நிற்கவில்லை. தள்ளாடித் தள்ளாடி ஓடிற்று.

"ஆ. சோக்கை இழுத்தா நிக்குது இல்ல." மூடிக்கு அப்பாலிருந்து லாபிரின் குரல் மட்டும் வந்தது. "அப்ப எங்கயோ காத்து இழுக்குது. பெற்றோலோட வேணாத காத்து போகுது. அதுதான்."

எண்ணெய்க் குவளையை எடுத்து, இஞ்சினில் பூட்டியிருந்த மூட்டுகளில் சொட்டுச் சொட்டாக விட்டுக் காது கொடுத்தார். வெடிப்பு இருந்தால் எண்ணெய் அதை அடைக்கும், சத்தம் மாறும் என்று றொபேட்டுக்குச் சொன்னார். சத்தம் மாறவில்லை. அடுத்த மூட்டிலும் மாறவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தின தரம் சொன்னன். கிண்ணியாவில ஒரு ராவைக்கு விட்டுட்டுப் போ பேணாட், ஒவ்வொண்டாப் பாத்துத் தாறன் எண்டு. ராவைக்கு விட்டா நான் எப்பிடி வீட்ட போறது எண்டுவான். நாளைக்கு லீவு எண்டா வீட்ட நிக்கோணும், நாளைக்கு வேலை எண்டா இண்டைக்கு வீட்ட போகோணும். பிறகு பாப்பம், பிறகு பாப்பம் எண்டே..." அவர் மறுபடி இஞ்சினுக்குள் குனிந்தார்.

மக்டலின் முன்கண்ணாடி வழியாக மூடியின் பச்சை நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோக்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அப்போ அது சாட்டு இல்லை. நின்றால் எடுக்க முடியாது என்றது மெய்தான். ஒழுங்கை முகப்பில் அவன் தேத்தண்ணி குடித்த ஒவ்வொரு நாளும் மெய்தான்.

லாபிரின் கை, கண்ணாடி துடைக்கும் தடிக்குப் போகிற ஒரு ரப்பர்க் குழாய் நெடுகத் தடவிக்கொண்டு போயிற்று. வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், விரல் நின்றது. அந்த இடத்தை இரண்டு விரலால் நெரித்தார்.

நடுக்கம் அடங்கிற்று.

"சோக்கை விடுங்க."

விட்டாள்.

"கால்?"

"எடுத்திட்டன் நானா."

இஞ்சின் ஒரே சீராக, தணிந்த குரலில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதையும் பிடித்திருக்கவில்லை, லாபிரின் இரண்டு விரல்களைத் தவிர. றொபேட் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். ஒரு பூவரசங் குச்சியைச் சீவி, வெடித்த இடத்துக்கு இப்பால் குழாயை வெட்டி, குச்சியை அதில் இறுக்கிக் கம்பியால் கட்டினார் லாபிர். இனி மழை பெய்தால் கண்ணாடி துடைக்காது, அவ்வளவுதான் என்றார். வேலை முடிந்ததும் கையில் மிஞ்சிய ரப்பர்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் துண்டுதானா? அட பேணாட்." அதை எறியப் போனவர் எறியாமல் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மச்சாள், இறங்குங்கோ. நான் ஏத்திறன்," என்றான் றொபேட் கதவடியில் நின்று.

அவள் உடனே இறங்கவில்லை. இஞ்சினின் சத்தம் சீற்று வழியாக முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அவன் காத்திருந்தான். பிறகு அந்தப் பக்கமாய்ப் போய் லாபிரோடு கதைக்கத் தொடங்கினான். அவளாகத்தான் இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்து, மிதிபலகையில் ஒரு காலை வைத்து, அங்கே ஒரு கணம் நின்று, பிறகு மண்ணில் கால் வைத்தாள்.

லொறி பலகையில் ஏறும்போது ஸஹாப்தீன் பின்சில்லுக்குக் கட்டை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். கட்டைக்குத் தேவை வரவில்லை. பாதையின் நடுவில் போய் நின்றதும் றொபேட் திறப்பில் கை வைத்தான்.

"வேணாம் தம்பி, ஓடட்டும்," என்றார் லாபிர்.

பாதையை அவிழ்த்தார்கள். கரைக்குக் கரை தண்ணீருக்குள் கிடந்த தடித்த கயிற்றை நாலைந்து பேர் தூக்கித் தோளுக்கு நேரே பிடித்து, பின்னோக்கிச் சாய்ந்து இழுக்கத் தொடங்கினார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் வழமையாகப் போடும் சத்தத்தை அவர்கள் போடவில்லை. பெட்டி இருந்ததாலும் இருக்கலாம். கங்கை பழுப்பாகச் சுழித்துக்கொண்டு போயிற்று. அக்கரை மரங்கள் இருந்த இடத்திலேயே இருப்பது போலத் தெரிந்தது.

மக்டலின் லொறியின் பக்கப் பலகையிலிருந்து கையை எடுத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசியாக நின்றவனுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தாள். நினைத்ததைவிட அது பாரமாக, சொரசொரவென்று, குளிர்ந்துபோய் இருந்தது.

"விடு புள்ள, கை உரிஞ்சு போயிரும்," என்றார் ஸஹாப்தீன்.

அவள் விடவில்லை. றொபேட் லொறிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். ஸஹாப்தீன் அவளைப் பார்த்தார். பிறகு முன்னால் நின்றவனின் தோளைத் தொட்டு, சற்று முன்னே தள்ளி நிற்கச் சொன்னார். அவளுக்கு இடம் கிடைத்தது.

"தனிய இழுக்கப்படாது. மத்தவங்க சாயக்குள்ள நீயும் சாயோணும்."

அவர்கள் சாய்ந்தபோது அவளும் சாய்ந்தாள். கயிறு கங்கைக்குள்ளிருந்து நீர் சொட்டச் சொட்ட எழுந்து வந்து, அவள் கைகளைக் கடந்து, பின்னால் மறுபடி தண்ணீருக்குள் இறங்கிற்று. அக்கரையில் முழங்காலளவு நீரில் நின்ற எருமை ஒன்று தலையைத் தூக்கி, அவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றது.