சுற்றிக்கொண்டே இருந்த கேள்வி

ஸ்கேன் அறைத் திரையில், படம் அனுப்புவதைக் காட்டும் பச்சைக் கோடு பாதியில் நின்றுவிட்டது. அக்காவின் மூளைப் படங்கள் நானூற்றுச் சொச்சம். அத்தனையும் வெளியூரிலிருக்கும் நரம்பு டாக்டருக்குப் போய்ச் சேரவேண்டும். அடைப்பா, ரத்தக் கசிவா என்று அவர் பார்த்துச் சொன்னால்தான் ஊசி. அடைப்பென்றால் அது காப்பாற்றும். கசிவென்றால் அதே ஊசி கொன்றுவிடும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வாய் கோணிச் சரிந்து வெகுநேரம் ஆகிறது. இன்னும் தாமதித்தால் எந்த ஊசியாலும் பயனில்லை.

"திரைய போட்டோ எடுத்து அனுப்பட்டுமா சார்?" நர்ஸ் செல்போனில் கெஞ்சினாள்.

"போட்டோவப் பாத்துட்டு ஊசி போடச் சொல்லவாம்மா? முழுசா வரட்டும்."

நர்ஸ் திரும்பி, "ஏ ஒயரு, ஏதாச்சும் பண்ணுடி" என்றாள். மேசை போனும் செத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் முழுக்க ஒயருவின் பொறுப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பமாட்டாள், அந்த அளவுக்கு ஒயரு. இன்று ஆஸ்பத்திரி ஊழியரா, அக்காவின் தங்கச்சியா என்று அவளுக்கே புரியவில்லை. கால்தான் ஓடியது.

நெட்வொர்க் பெட்டிகள் இருக்கும் சுவிட்ச் அறையைத் திறந்தாள். எப்போதும் ஒன்று விட்டு ஒன்று சிமிட்டும் விளக்குகள், வெறி பிடித்ததுபோல் எல்லாம் சேர்ந்து துடித்தன. லூப். ஏதோ ஒரு ஒயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டிக்குள் போயிருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், "இன்னாரு எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், பெட்டி அந்தக் கேள்வியை எல்லா வாசலிலும் போய்க் கேட்கும். ஒரு வாசல் வளைந்து தன் வீட்டுக்கே திரும்பினால், கேட்ட கேள்வியே திரும்பி வரும். பெட்டி அதைப் புதுசென்று நம்பி மறுபடி எல்லாரிடமும் கேட்கும். கண் மூடித் திறப்பதற்குள் லட்சம் கேள்விகள். பதில் நடக்க இடமிருக்காது. அக்காவின் தலை துண்டு துண்டாக அந்த நெரிசலில் எங்கோ நசுங்கிக் கிடக்கிறது.

பெட்டியிலிருந்து ஒவ்வொரு மாடியின் ஒயராகப் பிடுங்கினாள். கீழ்த்தளத்தைப் பிடுங்கியதும் விளக்குகளின் துடிப்பு அடங்கியது. ஆனால் ஸ்கேன் அறையும் கீழ்த்தளம்தானே! பிடுங்கி வைத்தால் படம் எப்படிப் போகும்? முடிச்சையே தேடியாகவேண்டும்.

அவசரப் பிரிவு வராந்தாவில் மண்டியிட்டு நாற்காலிக்கு நாற்காலி தவழ்ந்தாள்.

"என்னம்மா, கம்மலத் தொலச்சிட்டியா?" என்றார் கட்டுப் போட்ட காலோடு ஒரு பெரியவர்.

கடைசி நாற்காலியில் மாமா, அக்கா புருஷன். அவருடைய செருப்புக்குப் பின்னால் சுவரில் நெட்வொர்க் ஒயர் சொருகும் இரண்டு துளைகள். இரண்டிலும் ஒரே ஒயர், காதில் தொங்கும் வளையம்போல. நேற்று டோக்கன் திரையைக் கழற்றியவள் அவள்தான். நாளைக்குச் சுருட்டிக்கொள்ளலாம் என்று ஒரு முனையை அப்படியே தரையில் விட்டிருந்தாள்.

"அதுவா? கீழ கெடந்துச்சும்மா. யாராச்சும் தடுக்கி விழுந்துடுவாங்கன்னு சொருகிட்டேன்" என்றார் மாமா. "சும்மா உக்காரவே முடியல. டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"காலத் தூக்குங்க மாமா."

பிடுங்கினாள். திரும்ப ஓடிக் கீழ்த்தளத்தைச் சேர்த்தாள். ஸ்கேன் அறைக்கு வந்தபோது பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. மாமாவும் பின்னாலேயே வந்து நின்றார்.

"வருது, வருது" என்றது செல்போன். "பேசாம இருங்க, பாக்கறேன்."

திரையில் சாம்பல் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போயின.

"இதுல எதும்மா அவ?" மாமா காதோரம் கேட்டார். "என்னாலதான் ஏதாச்சும் லேட்டாச்சா?"

அவள் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். நர்ஸ் உடைக்காத மருந்துக் குப்பியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றாள். எங்கோ ஓர் ஊரில் ஒரு விரல் மவுஸை அழுத்தும் சத்தம் செல்போனில் தெளிவாகக் கேட்டது. டிக். ஓர் அடுக்கு. டிக். இன்னொன்று. பிறகு அந்த விரல் ஓர் அடுக்கில் நின்றது; அடைப்போ கசிவோ, ஏதோ ஒன்று டாக்டரின் கண்ணில் பட்டுவிட்டது.