வழிமொழிய ஓர் ஆள்

ஹால்விக் நகரத்தில் பதினேழு தமிழர்கள் இருந்தார்கள். தமிழ்ச் சங்கங்களும் பதினேழு இருந்தன.

ஆரம்பத்தில் என்னவோ ஒன்றுதான். பல் டாக்டர் சம்பந்தம் தொடங்கினார், எல்லோரும் சேர்ந்தார்கள். முதல் வருஷக் குழுப்படத்தில் யார் நடுவில் நிற்பது என்று பேச்சு வந்து அது இரண்டானது. வாழை இலையா, காகிதத் தட்டா என்று நான்கானது. மைக்கை யார் பிடிப்பது என்பதில் ஒரே நாளில் ஏழு. அப்புறம் முந்திரியின் அளவு, வரவேற்புரையின் நீளம், செருப்பை உள்ளே கழற்றுவதா வெளியிலா என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் ஆளுக்கொன்றாக நின்றது. தலைவர், செயலாளர், பொருளாளர், பந்தி விசாரிப்பு எல்லாம் அந்தந்த ஆளேதான். அதிலும் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. செயலாளர் சம்பந்தம் எழுதிய கடிதத்துக்குத் தலைவர் சம்பந்தம் இரண்டு வருஷமாகப் பதில் போடவில்லை.

சங்கம் எத்தனை இருந்தால் என்ன, அதில் யாருக்கும் குறையில்லை. குறையெல்லாம் வழிமொழிகிற விஷயத்தில்தான். ஹால்விக்கில் தமிழர்களின் விழாக் காரியம், சங்கத் தீர்மானம் எதுவானாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், அதே சங்கத்தில் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அப்போதுதான் நடக்கும். தினப்படி காபிக்கும் குழம்புக்கும் இது கிடையாது, அவை பாட்டுக்குக் கொதிக்கும். பொங்கல் பானைப் பால் அப்படியல்ல. விளிம்பு வரைக்கும் வரும், நுரை கட்டும், அப்படியே நிற்கும். அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் ஒரு சொட்டு வழியாது. மறுநாள் காலையில் தானாக அடங்கிவிடும்.

மெய்யம்மை வீட்டில் ஆறு வருஷமாகப் பால் இப்படித்தான் நின்றது.

மெய்யம்மை அந்த ஊரில் நாலாம் எண் டிராம் ஓட்டுகிறவள். காரைக்குடிக்காரி, வயது நாற்பத்தொன்பது. கணவர் சொக்கலிங்கம் வருஷத்தில் பத்து மாதம் கப்பலில், ஊர்க் கணக்கில் சேர்த்தியில்லை. தண்டவாளம் முழுக்கப் பனி மூடிக் கிடந்தாலும், நிறுத்த வேண்டிய கோட்டில் டிராமை இம்மி பிசகாமல் நிறுத்துவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு பானைப் பால் பொங்க மாட்டேன் என்கிறதே! ஆறு தை முதல் நாளும் கரண்டியும் கையுமாக அடுப்பு முன்னால் நின்று, "பொங்கலோ பொங்கல்" என்ற சொல்லைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே விழுங்கியிருக்கிறாள். அதை நினைத்தால் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பிறகு அழுகையும் வரும்.

வழிமொழியாத தீர்மானம் ஹால்விக்கில் செத்துப் போவதில்லை, காத்திருக்கும். மெய்யம்மையின் பச்சை அட்டை நோட்டில் ஆறு வருஷத் தீர்மானங்கள் காத்திருந்தன. பொங்கல் வைப்பது, சிறப்பு விருந்தினரை அழைப்பது, இசை நாற்காலி, சாக்கு ஓட்டம் எல்லாம் வருஷா வருஷம் முன்மொழிந்திருந்தாள். புது உறுப்பினர் ஒருவர் சேர்ந்து "மொத்தமாக வழிமொழிகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுதான் ஊர் வழக்கம். ஒவ்வொன்றாகப் படித்தும் வழிமொழியலாம், ஆனால் யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. நோட்டின் முதல் பக்கத்தில், சங்கம் பிரிந்த அன்றைக்குக் கோபத்தில் எழுதிய தீர்மானம் ஒன்றும் இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் புரட்டிப் பார்ப்பதேயில்லை.

பிரிந்தது எதிர்வீட்டு எஸ்தரிடமிருந்து. எஸ்தர் பாளையங்கோட்டைக்காரி, ஒண்டிக்கட்டை, டாக்டர் சம்பந்தத்தின் மருத்துவமனையில் செவிலி. மற்ற பதினைந்து பேரும் பிரிந்து போன பிறகும் இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே சங்கமாக நின்றார்கள். ஒருத்தி முன்மொழிவாள், மற்றவள் வழிமொழிவாள், பால் ஜம்மென்று பொங்கும். ஊரே பொறாமைப்பட்டது. அப்புறம் ஒரு வருஷம் தை ஒன்று வெள்ளிக்கிழமையில் வந்தது. "எல்லாருக்கும் வேலை நாளுளா, சனிக்கிழமைக்கு மாத்திப் போடுவோம்" என்றாள் எஸ்தர். "சூரியன் உனக்காகச் சனிக்கிழமை வரைக்கும் காத்துக் கிடக்குமா?" என்றாள் மெய்யம்மை. பேச்சு வளர்ந்தது. இவள் பக்கத்தில் தை முதல் நாள் தமிழ்ச் சங்கம், அவள் பக்கத்தில் சனிக்கிழமைத் தமிழ்ச் சங்கம். எதிரெதிர் கதவு, ஒரே நடை. ஆறு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கண்டனத் தீர்மானமாக எழுதிக் கதவிடுக்கில் செருகுவார்கள். கண்டனத்துக்கு மட்டும் வழிமொழிய ஆள் தேவையில்லை.

இந்த வருஷம் தை ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணி விமானத்தில் பதினெட்டாவது தமிழர் வருவதாகச் செய்தி வந்தது. தர்மபுரிப் பையன், பொறியாளர், பெயர் இளம்பரிதி. அவ்வளவுதான், ஊர் ரெண்டுபட்டது! இதுவரை எந்தச் சங்கத்திலும் இல்லாத ஒரு முழுத் தமிழர்! மெய்யம்மை ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். விடிய விடியக் காகிதப் பூவில் மாலை கட்டினாள். காலையில் பானையில் பாலை ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்து, அது விளிம்புக்கு வந்து நின்றதும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். எப்படியும் வழியப் போவதில்லை.

விமான நிலையத்தில் பதினேழு சங்கமும் வந்திருந்தன. பதினேழு பதாகை, பதினேழு மாலை. சம்பந்தம் நாதஸ்வரத்தைக் கைப்பேசியில் ஓடவிட்டார். மெய்யம்மைக்கு இடது பக்கம் பார்த்தால் எஸ்தர், அவள் கையிலும் காகிதப் பூ மாலை. எஸ்தர் உடனே வலது பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதவு திறந்து இளம்பரிதி பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பதினேழு பேரும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார்கள்.

"தம்பி, இங்கிட்டு வாங்க! தை முதல் நாள் சங்கம்!" என்று கத்திக்கொண்டே மெய்யம்மை முதல் ஆளாகப் போய் மாலையைத் தூக்கிவிட்டாள்.

இளம்பரிதி ஓர் அடி பின்னால் நகர்ந்து, மரியாதையாகக் கும்பிட்டான். "மன்னிக்கணும் அக்கா. நான் விமானத்துலயே சங்கம் ஆரம்பிச்சிட்டேன்."

"அதுக்கென்ன, இணைச்சிக்கிடலாம்."

"இல்லக்கா, அது அப்பவே ரெண்டாயிடுச்சு. ஜன்னல் மறைப்பைத் திறக்கலாமா மூடலாமான்னு எனக்கும் எனக்கும் ஒத்து வரலை." அவன் பெட்டியிலிருந்து இரண்டு பதாகைகளை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டான். "ரெண்டுலயும் வழிமொழிய ஆள் இல்லை. நீங்க எந்தப் பக்கம் அக்கா?"

மெய்யம்மை மாலையை இறக்கினாள். "பதினெட்டு, பத்தொன்பது" என்று சம்பந்தம் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எல்லோரும் பையனுக்குக் கை கொடுத்துவிட்டு, தனித்தனியாக வாடகைக் கார் பிடித்துப் போனார்கள்.

மெய்யம்மை நாலாம் எண் டிராமில் ஏறி உட்கார்ந்தாள். அதே பெட்டியில், கம்பிக்கு அந்தப் பக்கம் எஸ்தர். இரண்டு பேர் மடியிலும் போடாத மாலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு பானை என்று மெய்யம்மை நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஓட்டுநர் அறிவிப்புச் செய்தான்: இன்று சனிக்கிழமை அட்டவணை, டிராம்கள் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒன்று.

மெய்யம்மை நிமிர்ந்தாள். சனிக்கிழமையா! விடுப்பில் இருந்ததால் கிழமையே மறந்துபோயிருந்தது. தை ஒன்று சனிக்கிழமை! அவள் சங்க விதி மூன்று என்ன சொல்கிறது? தை முதல் நாளில் மூன்றாம் மாடி நடையில் பானை வைக்கிற தமிழர் எல்லாரும் உறுப்பினர். எஸ்தர் இன்றைக்குப் பானை வைத்திருப்பாள், சனிக்கிழமையாயிற்றே. அப்படியானால் எஸ்தர் இன்று ஒரு நாள் இவள் சங்கத்தில் உறுப்பினர். எஸ்தர் சங்கத்திலும் சனிக்கிழமை என்று மாற்றிய அதே விதிதான், ஆகவே இவளும் அவள் சங்கத்தில் உறுப்பினர். அம்மாடி! மெய்யம்மைக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து நிறுத்தம் வரைக்கும் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள். ஆனால் முதலில் பேசுகிறவள் தோற்றவளாகிவிடுவாளே. எஸ்தரும் விரல் விட்டு எதையோ எண்ணுவதும், இந்தப் பக்கம் பார்ப்பதும், மாலையைப் பிய்ப்பதுமாக இருந்தாள்.

ஒரே மின்தூக்கியில் மூன்றாம் மாடிக்கு வந்தார்கள். அவரவர் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்கள்.

மெய்யம்மை அடுப்பு முன்னால் வந்து நின்றாள். பால் விளிம்பில் நின்றது. பெருமையைக் கட்டிக்கொண்டு என்ன பண்ணப் போகிறோம், போய்க் கதவைத் தட்டு என்று மனசு சொன்னது. போனாள். கதவைத் திறந்தால் எஸ்தர் அங்கே நிற்கிறாள், இரண்டு கையிலும் பழந்துணி சுற்றி, தன் பானையைத் தூக்கிக்கொண்டு. பானையில் பால் தளும்பத் தளும்ப விளிம்பில் நின்றது, ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"ஏளா, விதி மூணைப் படிச்சியா?" என்றாள் எஸ்தர்.

"படிச்சேன்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி."

"என்ன தேதி?"

"தை ஒண்ணு."

"பொறவென்ன, கதவை அகலமாத் தொற. பானை சுடுது."

எஸ்தர் உள்ளே வந்து தன் பானையைப் பக்கத்து அடுப்பில் வைத்தாள். மெய்யம்மை பச்சை நோட்டை எடுத்து வந்து, "பொங்கலும் மற்றதும் வழக்கம்போல் வைக்க முன்மொழிகிறேன்" என்று ஆரம்பித்தாள். "ஏழாவது வருஷத்துத் தீர்மானம் இது. முதல்லேருந்து ஒண்ணொண்ணா வாசிக்கவா?"

"ஆறு வருசத்தையும் நின்னுக்கிட்டு வாசிப்பியாக்கும்! பாலைப் பாரு, பாவமா நிக்கி. மொத்தமா வழிமொழியுதேன், போ!" என்று நோட்டைப் பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டாள், அது எல்லாப் பக்கத்திலும் விழுந்தது.

பால் பொங்கியது! அடேயப்பா, என்ன பொங்கு! கிழக்கே வழிந்தது, மேற்கே வழிந்தது, அடங்கி மறுபடி எழும்பியது. ஆறு வருஷப் பாக்கியும் இந்த வருஷத்துடையதும் சேர்த்து ஏழு தடவை பொங்கியது. ஒவ்வொரு தடவைக்கும் மெய்யம்மை "பொங்கலோ பொங்கல்!" என்று அடிவயிற்றிலிருந்து கூவினாள். ஆறாவது தடவை குரல் கம்மிவிட்டது, ஏழாவதற்கு எஸ்தர் கூவினாள். பிறகு மெய்யம்மை எஸ்தருடைய பாலை வழிமொழிந்தாள், அதுவும் ஏழு தடவை பொங்கியது. இரண்டு பேரும் கண்ணீரும் பாலுமாக நின்று சிரித்தார்கள்.

அதற்குள் ஹாலில் நாற்காலிகள் வட்டமாகப் போய் நின்றன, இசை நாற்காலி தொடங்கிவிட்டது. வாசல் மணி அடித்தது. ஏழு வருஷத்துச் சிறப்பு விருந்தினர்களும் படியேறி வந்திருந்தார்கள், பொன்னாடைக்குத் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு. இருந்தது ஒரே பொன்னாடை. அதை வரிசையாக ஒருவருக்குப் போர்த்தி எடுத்து அடுத்தவருக்குப் போர்த்தினார்கள். ஏழு பேரும் பேசினார்கள். சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிவிட்டு நீளமாகப் பேசினார்கள். எஸ்தர் சாக்கு ஓட்டத்தில் மூன்று வருஷத்துப் பரிசை வாங்கினாள், மெய்யம்மை நான்கு வருஷத்துப் பரிசை.

வெளியே இருட்டத் தொடங்கியதும் எஸ்தர் பானையைக் கழுவி எடுத்துக்கொண்டாள். "நாளைக்குக் கிழமை ஞாயிறு. நான் பழையபடி சனிக்கிழமைச் சங்கம், நீ உன் சங்கம். வாரேன்ளா."

வாசல் வரைக்கும் போனாள். கால் படி வரைக்கும் போயிற்று, அதைத் தாண்டிப் போகவில்லை. வலது காலைத் தூக்கிப் பார்த்தாள், இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். பானையைக் கீழே வைத்துவிட்டு வந்து பச்சை நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

'எஸ்தர் இனிமேல் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது' என்று அதில் எழுதியிருந்தது. முன்மொழிந்தவர் மெய்யம்மை. வழிமொழிந்தவர் என்ற இடத்தில் எஸ்தரின் கையெழுத்து நன்றாகக் காய்ந்திருந்தது.

"நானேல்லா வழிமொழிஞ்சிருக்கேன்" என்றாள் எஸ்தர்.

"நான் வாசிக்கவான்னு கேட்டேன்."

"கேட்டே." எஸ்தர் நோட்டை மூடினாள். பிறகு நிமிர்ந்து நின்று, சங்கக் குரலில் சொன்னாள்: "எஸ்தர் வாசற்படியைத் தாண்டலாம்னு முன்மொழியுதேன்."

சிறப்பு விருந்தினர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வழிமொழிய மெய்யம்மைக்கு இன்றைய பொழுது மட்டும்தான் இருந்தது. அவள் எதிர்க்கதவைப் பார்த்தாள். ஆறு வருஷமாக அந்தக் கதவு திறக்கும் சத்தமும் சாத்தும் சத்தமும் கேட்டுக் கேட்டு உட்கார்ந்திருந்தவள். இப்போது அது சும்மா சாத்திக் கிடந்தது.

"இன்னும் கொஞ்சம் பொங்கல் வைக்கவா?" என்று கேட்டாள்.

எஸ்தர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை முன்மொழியவில்லை. திரும்பி வந்து தட்டை நீட்டினாள்.

"முந்திரி நிறையப் போடு. அடுத்தால தை ஒண்ணு சனிக்கிழமையில எப்ப வருது?"

"ஆறு வருஷம் ஆகும்."

எஸ்தர் ஒரு வாய் பொங்கலைத் தின்று முடித்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"சமையல்கட்டு ஜன்னல்ல கறிவேப்பிலைத் தொட்டி இருக்கு, அதுக்குத் தண்ணி ஊத்து. வரும்போது என் தலையணையை எடுத்துட்டு வா. உன்னுது உயரம், எனக்குக் கழுத்து வலிக்கும்."

மெய்யம்மை சாவியை வாங்கிக்கொண்டாள். படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மூன்றாம் வருஷத்துச் சிறப்பு விருந்தினரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக் கதவைத் திறந்தாள்.