பதினோரு நிமிடச் சீட்டு

எங்கள் பள்ளியின் துணை முதல்வருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சர்க்குலர். தும்மினால் ஒரு சுற்றறிக்கை, இருமினால் இன்னொன்று. எனக்கு வைத்த பெயர் பாராசிட்டமால். நான் பள்ளி நர்ஸ். ஒன்பது வருடமாகத் தரைத்தளத்தில், வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கட்டில், ஒரு எடை பார்க்கும் இயந்திரம், ஒரு மருந்து அலமாரி. அதுதான் என் ராஜ்ஜியம்.

அலமாரிச் சாவி போன வருடம் வரை என்னிடம்தான் இருந்தது. யாரோ ஒரு மாணவன் இருமல் மருந்தை எடுத்துக் குடித்துவிட்டான் என்று புகார் வந்ததும் சர்க்குலர் புறப்பட்டுவிட்டார். இனி பிள்ளைகள் எந்த மருந்தையும் பையில் வைத்திருக்கக் கூடாது, ஆஸ்துமா இன்ஹேலர் உட்பட எல்லாம் அலமாரிக்குள் போக வேண்டும், சாவி அவருடைய மேஜை இழுப்பறையில் இருக்கும். மருத்துவ அறையிலிருந்து எந்தப் பொருள் கொடுப்பதென்றாலும் நான் அனுமதிச் சீட்டு எழுதி மேலே அனுப்ப வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டபின் பியூன் அக்கா சாவியை எடுத்து, சாவி கொடுத்த நேரத்தைச் சீட்டில் குறித்துக் கீழே கொண்டுவருவாள். அவர் அறை மூன்றாவது மாடியில்.

"சார், மூச்சுத் திணறலுக்குச் சீட்டெல்லாம் தெரியாது," என்று அன்றைக்கே சொன்னேன்.

"ரூல்னா ரூல், சிஸ்டர். ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை இரண்டு தோழிகள் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. பத்து நாற்பதுக்குச் சீட்டு எழுதினேன். பியூன் அக்கா ஓடினாள். மேலே நேர அட்டவணைக் கூட்டம். "முடிச்சிட்டுப் பாக்குறேன், வெளிய நில்லு," என்றாராம். நான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், பெண்ணைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்தேன், முதுகைத் தடவினேன். சாவி வந்தபோது பத்து ஐம்பத்தொன்று. அதற்குள் அவள் என் தோளில் சரிந்துவிட்டாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அதில் நான்கு நாள் செயற்கை சுவாசம். பிழைத்தாள்.

மறுநாள் என் கோப்பைத் திறந்தால் அந்தச் சீட்டைக் காணோம். முதல்வர் அறையில் விசாரணை. சர்க்குலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சீட்டு வந்த நிமிஷமே சைன் பண்ணிட்டேன் மேடம். சிஸ்டர்தான் லேட்டா அனுப்பினாங்க," என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பியூன் அக்காவின் பிள்ளைகள் இரண்டும் எங்கள் பள்ளியில்தான் படிக்கின்றன. "நேரம் ஞாபகமில்லைங்க," என்று தரையைப் பார்த்தாள். கடமையில் அலட்சியம் என்று எனக்கு ஒரு மெமோ வந்தது. இன்னொன்று வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மெமோவையாவது விழுங்கியிருப்பேன். அந்தப் பெண்ணின் அம்மா ஒரு தையல்காரி. ஆஸ்பத்திரி வராந்தாவில், கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க, பத்துப் பேர் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீயெல்லாம் ஒரு நர்ஸா? என் பொண்ணு மூச்சுக்குத் துடிக்கிறப்ப வேடிக்கை பாத்தியாமே!" அந்த ஒரு வார்த்தை எனக்குள் நெருஞ்சி முள்ளாகத் தங்கிவிட்டது. அவள் வாயாலேயே அதைத் திரும்ப வாங்க வேண்டும். அந்த ஆளை நாலு பேர் பார்க்கக் கவிழ்க்க வேண்டும். இரண்டும் நடக்காமல் அந்தப் பள்ளியை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் அவசரப்பட மாட்டார். "விடும்மா, கடவுள் பாத்துப்பார்," என்றார்.

"அவர் மெதுவா பாக்கட்டும். அதுக்குள்ள நான் ஒரு கை பாக்குறேன்."

"சரி, சாப்பிட்டுட்டுப் பாரு," என்று தட்டை நகர்த்தினார்.

மறுநாள் முதல் ரூலை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். முழங்கால் சிராய்ப்புக்குப் பஞ்சா? சீட்டு. பிளாஸ்திரியா? சீட்டு. தலைவலித் தைலமா? சீட்டு. 'எந்தப் பொருளும்' என்று அவர்தானே எழுதியிருந்தார்? சானிட்டரி நாப்கினும் ஒரு பொருள்தான். அதற்கும் சீட்டு எழுதிப் பெண்கள் கையிலேயே கொடுத்து மேலே அனுப்பினேன். முதல் நாள் தயங்கினார்கள். மூன்றாம் நாள் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏழு எட்டுப் பேராகச் சேர்ந்து போய், கூட்டம் நடக்கும்போது கதவைத் தட்டி, "சார், நாப்கின் சார், சைன் சார்," என்று உரக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது சீட்டு. மனிதர் காது மடல் வரை சிவந்துபோவதாகச் செய்தி வந்தது. எனக்குப் பல நாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

பன்னிரண்டாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றார். "வேணும்னே பண்றீங்களா?"

"ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கினவ சார். ரூலை மீறப் பயமா இருக்கு," என்றேன், நோயாளியிடம் பேசும் குரலில்.

மறுநாள் காலை பியூன் அக்கா ஒரு கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். கூடவே சாவி. "இனிமே மேல யாரையும் அனுப்பவே வேணாம்னு சொல்லச் சொன்னார்." கட்டைப் பிரித்தேன். நூறு சீட்டு. ஒன்றிலும் பெயர் இல்லை, தேதி இல்லை, மருந்து இல்லை. எல்லாவற்றிலும் அடியில் அவர் கையெழுத்து மட்டும் வால் நீட்டிக்கொண்டிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது கையால் கெட்டது.

எங்கள் சீட்டுகளுக்கு வரிசை எண் கிடையாது. ஒன்றை உருவினேன். பெண்ணின் பெயர், வகுப்பு, மூச்சுத் திணறல், இன்ஹேலர், அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி, அனுப்பிய நேரம் பத்து நாற்பது. எழுதியது எல்லாம் உண்மை, காகிதம் மட்டும் பொய். சாவி கொடுத்த நேரம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அது பியூன் அக்கா நிரப்ப வேண்டியது. சீட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன்.

அவள் சீட்டை வரி வரியாகப் படித்தாள். பிறகு என் பேனாவை எடுத்துப் பத்து ஐம்பத்தொன்று என்று எழுதினாள்.

"அன்னைக்கு ஞாபகமில்லைன்னியே?"

"வாய்க்குத்தான் பயம் சிஸ்டர். கைக்கு ஞாபகம் இருக்கு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

தையல்காரி கொடுத்த புகார் நிர்வாகக் குழு வரை போயிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நூலகத்தில் கூட்டம். குழுத் தலைவி ஓய்வுபெற்ற டாக்டர். ஒரு பக்கம் சர்க்குலர், எதிரே நான், ஓரத்தில் தையல்காரி, வாசலில் பியூன் அக்கா. சீட்டை எடுத்து வைத்தேன். வேறு சீட்டுகளுக்கு நடுவில் செருகிக் கிடந்தது என்றேன். கூசாமல் சொன்னேன்.

சர்க்குலர் அதைப் பார்த்ததும் பாதி எழுந்துவிட்டார். "மேடம், இது அன்னைக்கு வந்த சீட்டே இல்ல!"

"கையெழுத்து உங்களோடதா?" என்று கேட்டார் தலைவி.

"என்னோடதுதான். ஆனா..."

அந்த 'ஆனா'வில் மனிதர் நின்றுவிட்டார். மேற்கொண்டு பேசினால், வெற்றுச் சீட்டில் நூறு கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உயிருக்காக ஒவ்வொரு சீட்டையும் தானே படித்துப் பார்ப்பதாகப் பத்து நிமிடம் முன்புதான் குழுவிடம் பெருமையடித்திருந்தார். ஆப்பசைத்த குரங்குக்கு வால் மாட்டிக்கொண்டது. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவ்வளவு இனிப்பான ஒரு நிமிடம் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

"ஆனா என்ன?" என்றார் தலைவி.

"ஞாபகமில்ல மேடம்."

"நேரம் எழுதினது நீங்களா?" என்று பியூன் அக்காவைக் கேட்டார்கள். "நான்தாங்க. பதினோரு நிமிஷம் வெளிய நிக்க வெச்சாருங்க," என்றாள், இந்த முறை தலை நிமிர்ந்து.

ஒரு வாரத்தில் அவர் பதவி போயிற்று. வேறு கிளையில் வெறும் ஆசிரியராகப் போடப்பட்டார். என் மெமோ ரத்து. சாவி என்னிடம். இன்ஹேலரைப் பிள்ளைகள் பையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று புதிய விதி. அன்று இரண்டு காபி குடித்தேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். வகுப்பில் விட்டுவிட்டு அவள் அம்மா என் அறைக்கு வந்தாள். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் சிஸ்டர். மனசுல வெச்சுக்காதீங்க. தப்பு உங்க மேல இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

வேண்டியது கைக்கு வந்துவிட்டது. அவளை உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தாள். மகள் சரிந்த கட்டிலைத் தொட்டாள். பிறகு எழுந்து மருந்து அலமாரி முன்னால் போய் நின்றாள்.

"இதுக்குள்ளதான் இருந்துதா?"

"ஆமாம்மா. மேல் தட்டுல."

விரல் கணுவால் கதவை லேசாகத் தட்டினாள். இரண்டு முறை தட்டினாள். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான் தட்டினாள்.

"கண்ணாடிதானே சிஸ்டர்?"

பதினோரு நிமிடம். பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. மேஜையில் கத்தரிக்கோல் இருந்தது. உள்ளே மேல் தட்டில், பெண்ணின் பெயர் ஒட்டிய அந்த நீல இன்ஹேலர் வெளியிலிருந்தே தெரிந்தது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு சாவிக்காக நின்றேன்.

"உடைச்சா வேலை போயிடும்னு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தியதுபோல் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. பாதி குடித்த தண்ணீரை மேஜையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.